தடிக்கு இந்தப் பக்கம்

(வாசகர் கேள்வி – பதில்)

வெளிநாட்டு ராணுவத்தினர் உள்ளூர் ஆட்களுக்குக் கண்ணிவெடி அகற்றப் பயிற்சி தருவது பற்றிப் போன மாதம் இந்தப் பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தி வந்தது. அதன் கடைசியில் என்னைப் பற்றி இரண்டே வரி: மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற இந்திய ராணுவப் பொறியாளர் பிரிவில் 26 வருஷம், நாயப் சுபேதாராக ஓய்வு, பிறகு இலங்கை வன்னியில் இரண்டரை வருஷம் கண்ணிவெடி வேலை. அந்த இரண்டு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது என்று ஆசிரியர் குழுவிலிருந்து வேலூருக்கு அனுப்பிவைத்தார்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, சொல்லித்தான் பழக்கம். அப்படியே எழுதுகிறேன்.

வெளிநாட்டு ராணுவம் வருகிறது, சில வாரம் பாடம் நடத்துகிறது, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மண்ணைக் கிளறுவது உள்ளூர் ஏழை. இவ்வளவு கருவி வைத்திருக்கும் ராணுவமே எடுத்துக் கொடுத்தால் என்ன?
— மின்வாரிய ஓய்வு ஊழியர், ஆற்காடு

இந்தக் கோபம் எனக்கும் இருந்தது. அமெரிக்காவை எடுத்துக்கொண்டால் சட்டமே தடுக்கிறது. அவர்களுடைய சட்டத் தொகுப்பில் 10-வது தலைப்பு, 407-வது பிரிவு. மனிதாபிமான உதவியாகக் கண்ணிவெடிப் பயிற்சி கொடுக்கப் போகும் அமெரிக்க ராணுவத்தினர் தங்கள் கையால் வெடியைத் தேடக்கூடாது, எடுக்கக்கூடாது, அழிக்கக்கூடாது. தங்கள் சொந்த ராணுவ நடவடிக்கைக்கும் அது சேர்த்துத் தேவை என்றால் மட்டும் விலக்கு. அதனால் அவர்கள் வெடி இருக்கும் தரையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுப்பார்கள். உள்ளே போவது உள்ளூர்க்காரர். கேட்டால் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு ஆள் நாள் முழுக்க மண்டியிட்டால் நல்ல தரையில் ஒரு சின்ன அறை அளவுக்கு முடிப்பார். புதரும் பழைய இரும்புத் துண்டும் நிறைந்த தரை என்றால் ஒரு கட்டில் அளவு. கம்போடியாவில் 1992-இல் தொடங்கிய வேலை இன்னும் நடக்கிறது. எந்த நாட்டு ராணுவம் இன்னொரு நாட்டில் முப்பது வருஷம் மண்டியிட்டுக்கொண்டிருக்கும்? ஆறு மாதத்தில் ஆள் மாறும், ஒரு வருஷத்தில் அரசாங்கமே மனசு மாறும். மழைக்குப் பிறகு எந்த வாய்க்கால் எந்தப் பக்கம் மண்ணை அரிக்கும், எந்த மேட்டில் யார் மாடு செத்தது என்பதெல்லாம் அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். ஒரு மிதிவெடியைச் செய்ய 3 டாலர் போதும், எடுக்க 300-இலிருந்து 1,000 டாலர் ஆகும் என்று ஐ.நா. பல வருஷமாகச் சொல்லிவருகிறது. அந்தப் பணத்தில் கொஞ்சமாவது அந்த ஊரிலேயே சம்பளமாகத் தங்கட்டுமே.

உங்கள் கோபத்தை வேறு ஒரு இடத்துக்குத் திருப்பிவிடச் சொல்வேன். அந்த உள்ளூர் ஆளுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா, கால் போனால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும், களத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறதா? பயிற்சி கொடுத்தவர்களிடமும் பணம் கொடுத்தவர்களிடமும் இதைத்தான் கேட்க வேண்டும்.

இப்படி வெளிநாட்டு ராணுவம் உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி கொடுப்பது எங்கே தொடங்கியது?
— கல்லூரி மாணவி, கோவை

ஆப்கானிஸ்தானுக்காக, ஆனால் பாகிஸ்தானில். 1989 பிப்ரவரியில் சோவியத் ராணுவம் ஆப்கானிஸ்தானை விட்டுக் கிளம்பியது. பெஷாவர், குவெட்டா பக்கம் லட்சக்கணக்கில் அகதிகள். ஊருக்குத் திரும்ப வேண்டும், வழியெல்லாம் வெடி. ஐ.நா. 'ஆபரேஷன் சலாம்' என்று ஒரு திட்டம் போட்டது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, நார்வே, துருக்கி, அமெரிக்கா என்று பல நாட்டு ராணுவப் பயிற்சியாளர்கள் வந்து இறங்கினார்கள். அகதி முகாம் ஆண்களுக்கு இரண்டு வாரப் பாடம்: வெடி எப்படி இருக்கும், எப்படிக் குத்திப் பார்ப்பது, இருந்த இடத்திலேயே எப்படி வெடிக்கவைப்பது. ஏறக்குறைய 13,000 பேர் அந்தப் பாடத்தை முடித்தார்கள்.

முடித்து? அங்கேதான் கோட்டைவிட்டார்கள். இவர்கள் ஊருக்குப் போய்த் தாங்களாகவே வயலைச் சுத்தம் செய்துகொள்வார்கள் என்று நினைத்தார்கள். நாலு பேர் கூடினால் குழு ஆகிவிடாது. யார் மேற்பார்வை, யார் வரைபடம் போடுவது, வெடிமருந்து எங்கிருந்து வரும், அடிபட்டால் யார் தூக்குவது? எதுவும் இல்லை. இரண்டு வாரம் கற்றவன் மூன்று மாதம் கழித்துத் தனியாக ஒரு வெடி முன் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டுநர் பயிற்சி கொடுத்துவிட்டு வண்டியும் கொடுக்காமல், ரோடும் காட்டாமல் அனுப்பியது மாதிரி.

நல்லவேளை, சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். ஆப்கானியர்களே நடத்தும் அமைப்புகள் எழுந்தன. சம்பளம், குழுத்தலைவர், மருத்துவ உதவியாளர் எல்லாம் வந்தது. வெளிநாட்டு ராணுவக் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கிளம்ப, கடைசியாக 1993-இல் ஆஸ்திரேலியர்கள் கிளம்பினார்கள். இன்று உலகம் முழுக்க 'மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றல்' என்று சொல்வதற்கு அந்தப் பெஷாவர் பாடம்தான் பிள்ளையார் சுழி. சுழி கோணல்தான், இருந்தாலும் சுழி.

ராணுவத்தில் இத்தனை வருஷம் இந்த வேலை செய்தவருக்கு இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?
— இல்லத்தரசி, காரைக்குடி

அம்மா, என்னைக் கேட்டால் மறக்கத்தான் நிறைய இருந்தது. சண்டை நேரத்தில் சாப்பரின் வேலை, படை கடக்க ஒரு பாதை திறப்பது. விடிவதற்குள் முடிக்க வேண்டும். பாதைக்கு இரண்டு பக்கமும் வெடி கிடந்தால் கவலையில்லை, நாடாக் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். கொஞ்சம் சேதாரம் ஆகும் என்று கணக்கிலேயே எழுதிவைத்திருப்பார்கள். விவசாயிக்கு நிலம் கொடுக்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. 99.6 சதவீத வெடியை எடுத்திருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் ஐ.நா. அளவுகோலே வைத்திருந்தது. அந்த 0.4-இல் ஒரு குழந்தை கால் வைத்தால்?

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2010, மன்னார் மாவட்டம். நாங்கள் இந்திய முன்னாள் ராணுவத்தினர், சாதாரண உடையில். போருக்குப் பிறகு இந்திய அரசு செலவில் போன குழுக்களில் ஒன்று. உள்ளூரில் எடுத்த ஆட்களுக்குப் பயிற்சி. ஒரு மீட்டர் அகலத்தில் பாதை. இரண்டு பக்கமும் கயிறு. எதிரே தரையில் குறுக்காகச் சிவப்புச் சாயம் அடித்த தடி ஒன்று கிடக்கும். தடிக்கு இந்தப் பக்கம் பார்த்து முடித்த தரை, அந்தப் பக்கம் பார்க்காதது. பார்த்து முடிக்க முடிக்கத் தடி ஒரு சாண் முன்னால் நகரும். வேலையே அவ்வளவுதான்.

நான் செய்துகாட்டுகிறேன். புதைத்திருப்பது பொய் வெடிதான். முதலில் கண்ணால் பார், பிறகு செடியை வெட்டு, டிடெக்டரை ஓட்டு, சத்தம் வந்த இடத்துக்கு ஒரு சாண் முன்னாலிருந்து 30 டிகிரி சாய்வில் குத்திப் பார் என்று வாய் ஒரு பக்கம் ஓடுகிறது. பின்னால் நின்ற ஒரு பெண், முப்பது வயது இருக்கும், மெதுவாகச் சொன்னாள்: "சேர், உங்கட முழங்கால் தடிக்கு அங்கால போயிட்டுது."

குனிந்து பார்த்தேன். நாலு விரல் தாண்டியிருந்தது.

இருபத்தாறு வருஷச் சர்வீஸ், வேகம் என்ற பழக்கம், அந்த நாலு விரலில் இருந்தது. எல்லோரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் அக்கா மகன் மிதிவெடியில் கால் இழந்தவன் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த மாதம் அவளைத்தான் குழுத்தலைவி ஆக்கினோம். என்னைவிட நல்ல வாத்தியார்.

இன்னொன்று. வன்னியில் வாரி போட்டு வெடி எடுப்பார்கள். பல் வைத்த கனமான வாரியால் பக்கவாட்டில் மண்ணைத் தளர்த்தி, லேசான வாரியால் தன் பக்கம் இழுத்து, வெடியின் விலாவை முதலில் வெளியே கொண்டுவருவது. மேலே அழுத்தினால்தானே வெடிக்கும், பக்கத்திலிருந்து வா என்ற யோசனை. 2002 போர் நிறுத்தத்துக்குப் பிறகு அங்கேயே உருவான முறை. இரும்புத் துண்டு நிறைந்து டிடெக்டர் ஓயாமல் கத்தும் தரையில் இதுதான் கைகொடுத்தது. முதல் தடவை பார்த்தபோது, 'என்னய்யா, களத்துமேட்டில் நெல் கிளறுகிற மாதிரி' என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் நானே ஒரு வாரி கேட்டு வாங்கினேன்.

பயிற்சி பெற்றவர்கள் உண்மையிலேயே தனியாக நிற்கும் அளவுக்கு வளர்ந்த நாடு எது?
— பள்ளி ஆசிரியர், திருநெல்வேலி

கம்போடியா, சந்தேகமே இல்லாமல். அங்கே 1992-இல் ஐ.நா. நிர்வாகமே நடந்தது. பல நாட்டு ராணுவத்தினர் பயிற்சியாளராக வந்தார்கள். 1993-இல் கிளம்பும்போது சுமார் 2,300 கம்போடியர்கள் பயிற்சி பெற்றிருந்தார்கள், 37,000 வெடிகள் அழிந்திருந்தன. பெஷாவர் தவறு இங்கே பாதிதான் நடந்தது. ஏனென்றால் 1992-லேயே 'சீமாக்' என்று கம்போடியக் கண்ணிவெடி மையம் ஒன்றை ஆரம்பித்துவிட்டார்கள். ஐ.நா. போன பிறகும் ஆள் சேர்க்க, சம்பளம் கொடுக்க ஒரு வீடு இருந்தது. நடுவில் பணத்தட்டுப்பாடு, நிர்வாகக் குளறுபடி எல்லாம் வந்தது. யார் வீட்டில் வரவில்லை?

அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. 2006-இல் கம்போடியா தன் ஆட்களைச் சூடானுக்கு ஐ.நா. படையில் கண்ணிவெடி எடுக்க அனுப்பியது. பிறகு லெபனான், மாலி, தென்சூடான். 2023 ஜனவரியில் உக்ரைனிலிருந்து ஆட்கள் கம்போடியாவுக்குப் படிக்க வந்தார்கள்! ஜப்பான் உதவியில் 'ஏலிஸ்' என்ற கருவி, உலோக டிடெக்டரும் தரைக்குள் பார்க்கும் ரேடாரும் சேர்ந்தது. செய்தது ஜப்பான், கையில் பிடித்துக் காட்டியது கம்போடியன், கற்றது ஐரோப்பியன். ஒரு காலத்தில் ஐரோப்பிய ராணுவத்தினர் முன் உட்கார்ந்து பாடம் கேட்ட நாடு அது.

ஒரு குறை. முப்பது வருஷம் ஆனாலும் வெளிநாட்டுப் பணம் நின்றால் மூச்சுத் திணறுகிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது அங்கே களத்தில் சில குழுக்கள் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. வித்தை சொந்தமாகிவிட்டது, சம்பளம் இன்னும் இரவல்.

மிதிவெடியைத் தடைசெய்யும் 1997 ஒட்டாவா ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. தானே கண்ணிவெடி வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு எடுக்கக் கற்றுக்கொடுப்பது என்ன நியாயம்?
— வழக்கறிஞர், சென்னை

சுற்றி வளைக்காமல் கேட்டதற்கு நன்றி. ஆமாம், இந்தியா போடவில்லை. சீனாவும் ரஷ்யாவும் பாகிஸ்தானும் அமெரிக்காவும்கூட அதில் இல்லை. நீண்ட எல்லையைக் காரணம் சொல்வார்கள். இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்துவிட்டது. ஏற்கெனவே சேர்ந்திருந்த ஃபின்லாந்து, போலந்து, மூன்று பால்டிக் நாடுகள் ரஷ்யாவுக்குப் பயந்து 2025-இல் வெளியேற முடிவெடுத்தன. காற்று இப்போது எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள்.

நான் 2001 டிசம்பரில் மேற்கு எல்லையில் புதைத்தவன், பிறகு எடுத்தவன். எம்-14 வகை வெடி டீ டம்ளர் வாய் அகலம்கூட இருக்காது. முழுக்க பிளாஸ்டிக், பழைய வகையில் உள்ளே இரும்பு என்றால் ஒரு ஊசி. அதனால்தான் டிடெக்டருக்குத் தெரியும்படி குறைந்தது 8 கிராம் உலோகம் இருக்க வேண்டும் என்று வேறொரு சர்வதேச ஒப்பந்தம் சொல்கிறது. இந்தியா அதில் இருக்கிறது. எங்கே வைத்தோம் என்று நாங்களே வரைபடம் போட்டு வைத்திருந்தோம். இருந்தும் மணல்மேடு நகர்ந்துவிட்டால் வரைபடம் பேப்பர்தான். வைத்த கைக்கே எடுப்பது இவ்வளவு கஷ்டம். அந்தக் கஷ்டம் தெரிந்தவனிடம் கற்பதில் ஒரு பயன் உண்டு என்று மட்டும் சொல்வேன். நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

2016 மார்ச்சில் புனேயில் இந்தியாவும் ஆசியான் நாடுகளும் மற்றவர்களும் சேர்ந்து 18 நாட்டு ராணுவப் பயிற்சி நடந்தது. 'ஃபோர்ஸ் 18' என்று பெயர். மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றலும் ஐ.நா. அமைதிப்பணியும்தான் பாடம். அங்கே இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சோஃபியா குரேஷி. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் பற்றி விளக்கியபோது டி.வி.யில் பார்த்தீர்களே, அதே ராணுவ அதிகாரிதான்.

எலி கண்ணிவெடி கண்டுபிடிக்குமாமே, நிஜமா?
— எட்டாம் வகுப்பு மாணவன், தருமபுரி

நிஜம்தான் தம்பி. ஆப்பிரிக்கப் பெரிய எலி, தான்சானியாவில் பழக்குகிறார்கள். வெடிமருந்து வாசனைக்கு நிற்கும், வாழைப்பழம் கிடைக்கும். எடை குறைவு என்பதால் மிதித்தாலும் வெடிக்காது. கம்போடியாவில் மகாவா என்ற எலிக்கு 2020-இல் பிரிட்டனில் தங்கப் பதக்கமே கொடுத்தார்கள். எனக்கு 26 வருஷத்தில் கிடைக்காதது. உங்கள் வீட்டு எலியை முயற்சி செய்யாதே.

நான் கிளிநொச்சியிலிருந்து வந்தவள். இந்திய ஆமி என்றாலே எங்கள் ஆட்களுக்கு ஒரு பழைய நினைவு இருக்கும். உங்களை எப்படி ஏற்றார்கள்?
— வாசகி, திருச்சி

சகோதரி, உடனே ஏற்கவில்லை. ஏற்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. வேலை தொடங்கிய மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, ஒரு பாட்டி கயிற்றுக்கு வெளியே பனைமரத்தடியில் வந்து நின்றார். தன் வளவு, அதாவது வீட்டு மனை, எப்போது முடியும் என்று கேட்க வந்தவர். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நீங்கள் எண்பத்தேழில வந்த இந்தியன் ஆமியோ?"

எங்கள் ரெஜிமெண்டில் சாப்பர்களுக்கே 'தம்பி' என்றுதான் பேர். வடக்கத்தி அதிகாரிகூட 'தம்பீஸ்' என்பார். ஆனால் அந்த வாயிலிருந்து வந்த தம்பி வேறு. இந்திய அமைதிப்படை இலங்கைக்கு வந்த அந்தச் சமயம் நான் இந்தியாவின் வடகிழக்கில் இருந்தேன், இங்கே வரவில்லை என்றேன். உண்மைதான். கூடவே, என் கூட்டாளிகள் வந்தார்கள் என்பதும் உண்மை. அதையும் சொன்னேன். பாட்டி ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். வெடியைக் கேட்கவில்லை, கிணற்றைக் கேட்டார். கிணற்றடி முடிந்துவிட்டதா?

கிணற்றைச் சுற்றி ஏழு மிதிவெடி இருந்தது. கடைசியை வெடிக்கவைத்த அன்று எங்கள் குழுத்தலைவி, அதே முழங்கால் பெண், பாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். நான் போகவில்லை. அவள் சொல்வதுதான் சரி என்று பட்டது. ஒப்படைக்கிற அன்று குழுவில் இருக்கும் எல்லோரும் அந்த நிலத்தில் நடந்துகாட்டுவார்கள். அதைப் பார்த்தால்தான் ஊருக்கு நம்பிக்கை வரும். வெளிநாட்டுக்காரன் நடந்தால், 'இவனுக்கென்ன, நாளைக்குப் பிளேன் ஏறிவிடுவான்' என்று இருக்கும்.

பயிற்சி வகுப்பில் மொழி எங்களுக்கு உதவியது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பாதிதான். நான் 'கண்ணிவெடி' என்றால் அவர்களுக்கு வண்டியைத் தூக்கும் பெரிய வெடி நினைவுக்கு வரும், காலை எடுப்பது 'மிதிவெடி'. முதல் நாளே இந்தக் குழப்பம் தீரவில்லை என்றால் உயிர் போகும் குழப்பம் அது. தமிழுக்கும் தமிழுக்கும் நடுவிலேயே ஒரு சொற்பட்டியல் போட்டு சுவரில் ஒட்டினோம்.

நான் ராணுவத்திலிருந்து அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறேன். இந்த வேலைக்கு வெளிநாடு போக முடியுமா? என்ன தகுதி வேண்டும்?
— ஹவில்தார், குடியாத்தம்

முடியும். சாப்பராக இருந்தால் வழி சுலபம், ஆனால் அது மட்டும் போதாது. சர்வதேசக் கண்ணிவெடி நடவடிக்கைத் தரம் என்று 2001-இலிருந்து ஒரு தொகுப்பு இருக்கிறது, முதலில் அதைப் படியுங்கள். வெடிபொருள் அழிப்பில் படிப்படியாகச் சான்றிதழ்கள் உண்டு, அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். காயத்துக்கு முதலுதவி கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ரத்தப்போக்கை நிறுத்தத் தெரியாதவனைக் களத்தில் விட மாட்டார்கள். யாராவது ஏஜெண்ட் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், இந்த வேலையில் முன்பணம் கேட்பவன் திருடன்.

அப்புறம் ஒரு எலும்பு டாக்டரிடம் முழங்காலைக் காட்டிக்கொள்ளுங்கள். எனக்கு இடது கால் இப்போது மாடிப்படி ஏறும்போது சத்தம் போடுகிறது. தடியைத் தாண்டிய கால் அதுதான்.